மாப்பிள்ளை பூத்துவிட்டார்

இரண்டரை வருடம் நான் தப்பான மரத்தைச் சுற்றியிருக்கிறேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. சனிக்கிழமை தவறாமல், விடிய எழுந்து குளித்து, திருநீறு பூசி, ஈர வேட்டி காலில் தட்டத் தட்ட, ஒரு சுற்றுக்கூடக் குறைக்காமல் சுற்றியிருக்கிறேன். சாமி இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்கப்புறமும் ஐப்பசியில் மழை பெய்தது. மீனாட்சி புண்ணியத்தில் வீட்டில் எல்லாரும் நன்றாகவே இருந்தோம். என் சம்சாரம் செல்லம்மாள்தான் இன்னும் விட்டபாடில்லை.

நான் பிறந்து வளர்ந்தது மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நிமிர்ந்து பார்த்தால் கோபுரம். கோபுரத்தில் கிளி உண்டு, புறா உண்டு, மரம் கிடையாது. எனக்குத் தெரிந்த மரமெல்லாம் கதவாகவோ ஜன்னலாகவோ ஆன பிறகு பழக்கமானவைதான். படிப்பும் மூன்றாம் பாரத்தோடு நின்றது. (செடி கொடிகளைப் பற்றிய பாடம் நாலாம் பாரத்தில் இருந்ததாகக் கேள்வி.) செல்லம்மாளும் பக்கத்துச் சந்து. அவளுக்குக் கீரையும் கறிவேப்பிலையும் தெரியும். அதற்கு மேல் உயரமான எதுவும் தெரியாது.

சிம்மக்கல்லில் சாம்பிராணி, கற்பூரம் மொத்தக்கடை ஒன்றில் எனக்கு வேலை. ஊர் ஆற்றைத் தாண்டி வடக்கே பெருக ஆரம்பித்த காலம் அது. தல்லாகுளத்துப் பக்கம் வயலை மனையாக்கி வீடு கட்டினார்கள். நாங்களும் ஒரு சின்ன வீட்டுக்குக் குடி போனோம். வயல் போய்விட்டது என்று மனிதர்களுக்குச் சொன்னார்களே தவிர, மற்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மழை விழுந்தால் தவளைகள் நேராகச் சமையற்கட்டுக்கு வந்து சேரும். கீரிப்பிள்ளை ஒன்று தினம் காலை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வாடகை வசூலிக்க வந்தவர் போல, ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு போகும். விறகுக் குவியலில் ஓர் உடும்பு. நாங்கள்தான் புதிதாக வந்தவர்கள் என்பதை அவை எங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தன.

ஆனால் மரம் என்று ஒன்று இல்லை. மனை பிரிக்கும்போது அத்தனையும் வெட்டிவிட்டார்கள். காலை எட்டு மணிக்கே தெரு தோசைக்கல்லாகிவிடும். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றால் காக்கை வந்து குடைமேல் உட்காரும். அதற்கும் வேறு போக்கிடம் இல்லை. தெருவில் கோயிலும் கிடையாது. சனிக்கிழமை காலை சுற்றி வர ஒன்றுமில்லாமல், நான் என் வீட்டையே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வேலைக்குப் போன நாளும் உண்டு.

எனவே நானே ஓர் அரச மரம் வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். கடை வேலையாக உசிலம்பட்டி போனபோது, ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் பார்த்தேன், நெஞ்சு வடிவில் இலை, பச்சைப் பசேலென்று. கோயில் நந்தவனத்தில் தூரத்திலிருந்து பார்த்த அதே இலை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். தோட்டக்காரர் வந்தார்.

"அண்ணே, இதுல ஒரு கெளை வேணும்."

"போத்து வேணுமாக்கும். வேலிக்கா?"

"இல்லண்ணே. கும்புடுறதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்து, கைத்தடி பருமனுக்கு ஒரு கிளையாக வெட்டிக் கொடுத்தார். டவுன்காரர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் அந்தக் கிளையைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தவர் கால் பட்டுவிடாமல் காபந்து பண்ணி ஊர் கொண்டுவந்து சேர்த்தேன்.

நல்ல நாள் பார்த்து வாசலுக்கு எதிரே நட்டேன். எதிர்வீட்டு துளசிராமுக்கு ஒரே சந்தோஷம். அவர் பட்டுநூல்காரர், பட்டுக்குச் சாயம் போடுகிற தொழில், முழங்கை வரை எந்த நாளும் ஏதாவது ஒரு நிறமாக இருப்பார். வீட்டில் அவர்களுடைய சௌராஷ்டிர பாஷை. எங்களோடு சுத்தமான மதுரைத் தமிழ். அவர் சம்சாரம் ருக்மணியம்மாள், அரசு தனியாக நிற்கக் கூடாது என்று, பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு வேப்பங்கன்று கொண்டுவந்து ஒரு முழம் தள்ளி நட்டார். அரசு மாப்பிள்ளை, வேம்பு பெண். இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் தாலி கட்டிக் கல்யாணம் செய்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். ஆக, நான் மாப்பிள்ளை வீடு. துளசிராம் பெண் வீடு.

மாப்பிள்ளை கிடுகிடுவென்று வளர்ந்தார். சில சந்தேகங்கள் எனக்கும் வந்தன, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அரச இலைக்கு நுனியில் நீளமாக வால் இருக்கும், இவருக்கு இல்லை. சின்ன வயசுதானே, போகப் போக வால் முளைக்கும் என்று இருந்தேன். அரச இலை காற்றில்லாவிட்டாலும் சலசலக்கும். இவர் புயலுக்கும் வாய் திறக்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடத்தில் ஆள் உயரம் தாண்டி, ஒரு பெரிய குடை அளவுக்கு நிழல் விழுந்தது. தெரு முழுவதும் அந்தக் குடைக்குள் வந்துவிட்டது. அணில் ஏறியது, மைனா இறங்கியது, சிவப்பு எறும்பு இலையைத் தைத்து வீடு கட்டியது. தயிர்க்காரி பேச்சியம்மாள் கூடையை இறக்கி அங்கேதான் மூச்சு வாங்குவாள். சனிக்கிழமைகளில் பெண்கள் வரிசையாகச் சுற்றினார்கள். செல்லம்மாள் நூற்றெட்டுச் சுற்று. நான் போகிற வருகிற நேரமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்தார்.

சங்கிலி பிடித்து அளந்து, முளை அடித்துக்கொண்டே வந்தவர் எங்கள் மரத்தடியில் நின்றார். சாக்கடை நேர்கோட்டில் வர வேண்டுமாம், இரண்டு மரமும் அந்தக் கோட்டில் நிற்கிறதாம், எடுத்துவிட வேண்டுமாம். தெருவே திரண்டுவிட்டது. நான் முன்னால் போய், "ஐயா, இது அரச மரம். சாமி" என்றேன். அவர் பொல்லாத மனிதர் இல்லை. அடியில் பிள்ளையார் உண்டா என்று கேட்டார். இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். அதுவும் இல்லை.

"நான் கோயிலை வெட்ட மாட்டேன். மரத்தை வெட்டுவேன். இது ரெண்டுல எதுன்னு பத்து நாளைக்குள்ள நீங்களே முடிவு பண்ணிருங்க" என்றார். பிறகு நோட்டை எடுத்து, "அரச மரம்" என்று நான் சொன்னபடியே எழுதிக்கொண்டு போனார்.

முடிவு பண்ண என்ன இருக்கிறது? ஒன்பதாம் நாள் முகூர்த்தம் வைத்தோம். அந்த ஒன்பது நாளும் எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். துளசிராம் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு மாற்றப் போனோம். மாப்பிள்ளை நட்சத்திரம் கேட்டார்கள். நான் நட்ட நாளின் நட்சத்திரத்தைச் சொன்னேன். (பத்துக்கு ஏழு பொருத்தம்.) செல்லம்மாளுக்கு மாப்பிள்ளையின் தாயார் என்கிற மிடுக்கு வந்துவிட்டது. "பொண்ணு கொஞ்சம் உசரம் கம்மி" என்று ருக்மணியம்மாள் காதில் விழும்படி சொன்னாள். ருக்மணியம்மாள் மறுநாளிலிருந்து வேம்புக்குத் தினம் நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்.

முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் தீர்த்தம் விடப் போனேன். மாப்பிள்ளையின் உச்சிக்கிளையில் மஞ்சளாக ஏதோ தொங்கியது. துளசிராம் காயப்போட்ட பட்டுத் துணி பறந்து வந்து சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். பூ. கிண்ணம் மாதிரி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்த மஞ்சள் பூ.

அரச மரம் பூத்து யாரும் பார்த்ததில்லை என்கிற அளவுக்கு எனக்கே தெரியும். முதலில், தெய்வச் செயல், கல்யாணக் களை என்று மெய்சிலிர்த்தேன். பூவைப் பறித்து வேட்டி மடிப்பில் பத்திரப்படுத்தி, கடைக்குக் கொண்டுபோய், சரக்கு ஏற்ற வந்திருந்த வண்டிக்காரரிடம் பக்தியோடு காட்டினேன்.

"பூவரசம்பூ" என்றார் அவர். "எங்கூருல ஆடு திங்கும்."

கற்பூரப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டுக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொன்னால் சாமி மறுபடியும் மரமாகிவிடும். மரமானால் பத்தாம் நாள் கோடாலி. கூடவே ருக்மணியம்மாளின் வேம்பும் போகும். இரண்டரை வருடம் அந்த மரத்தைச் சாமியாகவே பார்த்தாயிற்று. வண்டிக்காரர் ஒரு வார்த்தை சொன்னார் என்பதற்காகக் கை கும்பிடாமல் இருக்குமா? அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், என்னையறியாமல் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வது என்று முடிவாயிற்று.

மூடிக்கொள்ளாதது மரம்தான். அதுவரை சும்மா இருந்தது, கல்யாணச் செய்தி கேட்டாற்போல மொட்டு மொட்டாக வைத்தது. மறுநாள் இரண்டு பூ. அடுத்த நாள் நாலு. விடியும்போதே எழுந்து, முக்காலி போட்டு ஏறி, தெரு விழிக்குமுன் பறித்து மடியில் ஒளிப்பேன். எறும்புகள் தங்களால் ஆனதைச் செய்தன. நான் சத்தம் போடாமல் முக்காலிமேல் ஆடியதைப் பார்த்துத் துளசிராம், மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அருள் வந்திருப்பதாக ருக்மணியம்மாளிடம் சொல்லியிருக்கிறார். தேன்சிட்டு ஒன்று நேற்றுப் பார்த்த பூவைத் தேடி வந்து, கிளையில் காணாமல், என் இடுப்புக்கு எதிரே இறக்கையடித்துக்கொண்டு நின்றது. அதைக் கையால் விரட்டிக்கொண்டே, எதிரே வந்த கீரிப்பிள்ளைக்கும் வழி விட்டுக்கொண்டே, வீட்டுக்குள் பாய்வேன்.

மூன்றாம் நாள் செல்லம்மாள் வேட்டி துவைக்கும்போது கசங்கிய பூக்கள் கிடைத்தன. இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"இது யாரு வச்சிருந்த பூ?"

"யாரும் வைக்கிற பூவா அது? வாசனையே கெடையாது."

"அப்ப மோந்து பாத்துருக்கீங்க."

வாய் திறந்தால் மரம் போய்விடும். திறக்காவிட்டால் மானம் போய்விடும். நான் மரத்தைக் காப்பாற்றினேன். அன்றிலிருந்து காப்பி வரவில்லை.

முகூர்த்த நாள். எனக்கு அபாரமான யோசனை ஒன்று உதித்திருந்தது. பூவை மறைக்கப் பூதான் சரி. மாட்டுத்தாவணியிலிருந்து... இல்லை, தவறு, அப்போதெல்லாம் பூக்கடை கோயில் பக்கம்தான். அங்கேயிருந்து மஞ்சள் செவ்வந்தியாகவே நாலு கூடை வரவழைத்து, அடியிலிருந்து நுனிவரை மாலை மாலையாகச் சுற்றிவிட்டேன். அதற்குள் எத்தனை பூவரசம்பூ பூத்தால் என்ன, எவன் கண்டுபிடிப்பான்? வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளை அலங்காரத்தைப் புகழ்ந்தார்கள். ஓவர்சியர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து சந்தனம் பூசிக்கொண்டு, "ஜோரா இருக்கு" என்றார். இரண்டரை வருடத்தில் முதல்முறையாக என்னை நான் புத்திசாலி என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நாழிகை இருந்திருக்கும்.

நாயனத்துக்கு மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவரை அமர்த்தியிருந்தோம். நல்ல கை. நாயனத்தின் வாயில் செருகி ஊதுகிற நாணல் துண்டுக்குச் சீவாளி என்று பேர். அது இல்லாவிட்டால் நாயனம் வெறும் கட்டை. உபரிச் சீவாளிகளை நூலில் கோத்து நாயனத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அவர் காப்பி குடிக்க நாயனத்தைச் சுவரில் சாய்த்து வைத்த நேரத்தில், ஒரு காக்கை அந்த நூலைக் கொத்தோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. கூடு கட்டுகிற காலம், அதற்கும் அவசரம். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஐயர் மந்திரம் சொல்லி, தாலியை வேம்பின் கழுத்தில் வைத்தார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். தவில் இடி இடித்தது. நாயனம் ஒரு தம் முழங்கி, கீச்சென்று கத்தி, நின்றுவிட்டது. இருந்த ஒரே சீவாளி பிளந்துவிட்டது. நாயனக்காரர் உபரிக் கொத்துக்குக் கை நீட்டினார். அங்கே காற்றுதான் இருந்தது. எதிர்க் கூரையில் காக்கை கொத்தைக் காலில் மிதித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"நாயனம் எங்க? முகூர்த்தம் போறது" என்று ஐயர் ஒரு முடிச்சுப் போட்டார்.

தொழில்காரர் பதறவில்லை. தலைக்குமேல் தொங்கிய கிளையிலிருந்து ஓர் இலையைச் சட்டென்று கிள்ளினார். சுருட்டினார். நுனியை நசுக்கினார். வாயில் வைத்து ஊதினார்.

பீ... பீபீ... பீ...

சாதாரணமாக ஊதவில்லை. கெட்டிமேளத்துக்கு உரியதை, கமகம் குறையாமல், மாப்பிள்ளையின் இலையை வைத்தே ஊதினார். ஐயர் ஒரு சுகத்தில் இரண்டாவது முடிச்சும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் தெரு முழுவதும் அந்த இலையைப் பார்த்தது. பூவரச இலையில் பீப்பீ ஊதாத பிள்ளை நம் ஊர்ப் பக்கத்தில் உண்டா? (நான் உண்டு.) அரச இலையில் அது வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"நாயனக்காரரே, அது என்ன எல?" என்று துளசிராம் கேட்டார்.

"பூவரசு தாங்க. நல்ல எளசா இருக்கு."

எல்லாருடைய கண்ணும் மரத்தில் ஏறி இறங்கி, என்மேல் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து செல்லம்மாள், செவ்வந்தி மாலைக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் பூவை இழுத்தெடுத்தாள். கிண்ணம் மாதிரி, நடுவில் குங்குமப் பொட்டு. மூன்று நாளாகக் காப்பி நின்றதற்கான காரணம் அவள் கையில் இருந்தது. அவள் முகம் தெளிந்ததையும், தெளிந்த அடுத்த நொடியே சிவந்ததையும் பார்த்தேன்.

ஓவர்சியர் முன்னால் போய்க் கைகூப்பி, உசிலம்பட்டியிலிருந்து வேட்டி மடிப்புவரை அத்தனையும் உளறிக் கொட்டினேன். நான் பேசி முடிக்குமுன் துளசிராம் குறுக்கே வந்தார். அவர் முதலில் தங்கள் பாஷையில் நாலு வார்த்தை சொன்னார். அது புரியாதது என் பாக்கியம். பிறகு தமிழுக்கு வந்தார்.

"அண்ணே, மாப்பிள்ளை குணம் சொன்னீங்க, நச்சத்திரம் சொன்னீங்க. ஆளையே மாத்திக் காட்டிட்டீங்களே. இது எந்த ஊரு நாயம்?"

"எனக்கே நாலு நாள் முன்னதான் தெரியும், துளசிராம்."

"அந்த நாலு நாள்ல ஒரு பொழுது வந்து சொல்லப்படாதா? எம் பொண்ணு உசரம் கம்மின்னு மட்டும் ஓயாமச் சொன்னாங்க உங்க வீட்டுல."

தயிர்க்காரி பேச்சியம்மாள் இந்த நேரம் பார்த்து வாய் திறந்தாள். அவளுக்கு இது நட்ட அன்றைக்கே தெரியுமாம். "நீங்க விழுந்து விழுந்து கும்புடுறீங்க. டவுனுல பூவரசத்தான் கும்புடுவாக போலன்னு நானும் ரெண்டு தடவ கும்புட்டுக்கிட்டேன்" என்றாள்.

பெண் வீட்டார் எழுந்துவிடுவார்கள் போல் இருந்தது. அப்போது ருக்மணியம்மாள் முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது, அந்த வேம்புக்கு நாள் தவறாமல் குடம் குடமாக ஊற்றியவர் அவர்.

"ரெண்டு முடிச்சு விழுந்துருச்சு. இனிமே எம் பொண்ண எங்க கொண்டு போயிக் குடுப்பேன்? அவன் யாரா இருந்தா என்ன, ரெண்டு வருசமா அவளுக்கு நெழல் குடுத்துக்கிட்டு நிக்கிறான்ல" என்றார். ஐயர் கையிலிருந்த கயிற்றை வாங்கி, மூன்றாவது முடிச்சை அவரே போட்டார். நாயனக்காரர் இன்னொரு இலையைக் கிள்ளினார்.

பீ... பீபீ...

இந்த முறை யாராலும் அடக்க முடியவில்லை. ஐயர் சிரிப்பில் அட்சதையைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். துளசிராம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று அவர் கை நீலம், என் புதுச் சட்டையும் நீலம். நான் மட்டும் ஓவர்சியர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார். "அரச மரம்னு எழுதி மேல அனுப்பியாச்சு. இப்ப அடிச்சுத் திருத்துனா எனக்கு வெளக்கம் எழுதவே ஒரு மாசம் ஆகும். காகிதத்துல இருக்கிற மரம் பூக்காதுய்யா. சாக்கடை வளைஞ்சு போகும். ஆனா ஒண்ணு. மேலதிகாரி பாக்க வர்ற அன்னிக்கெல்லாம் விடியக்காலம் நீங்க முக்காலி போட்டுறணும்."

போட்டேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை, ஆள் அனுப்பிச் சொல்லும்போதெல்லாம், எறும்புக்கடியோடு போட்டேன். இன்றைக்கும் எங்கள் தெருவில் சாக்கடை, நேராக வந்து, மாப்பிள்ளை பெண்ணுக்கு மரியாதையாக ஒதுங்கி, மறுபடி நேராகப் போகிறது.

நான் சுற்றிய சுற்றுக்கெல்லாம் பலன் உண்டா என்று ஐயரிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன். "நீர் சுத்தினது வாஸ்தவம்தானே? போய்ச் சாப்பிடும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

செல்லம்மாளுக்குத்தான் போதவில்லை. நூற்றெட்டு வீதம் சுற்றிய காலல்லவா? அன்று சாயங்காலம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். காப்பி ஆறியும் நிறுத்தவில்லை. துளசிராம் அன்றிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார். வெளியூர்க்காரர்கள் எந்தப் பெண்ணை எந்தப் பையனுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், இரண்டு பேரும் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவோம்.

போன தை மாதம் எங்கள் கடைக்குட்டிப் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. நான் பையனைப் பார்த்துவிட்டு வந்து, நல்ல குணம், சாமி பக்தி, வெற்றிலைகூடப் போடாத பிள்ளை என்று அரைமணி நேரம் அளந்தேன். கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லம்மாள் அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"எல்லாஞ் சரி. ஊதிப் பாத்தீங்களா?"